என்னன்னு கேக்கறது

நனைத்த பஞ்சால் வெண்மதியின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான் கதிர்வேல். மனைவிக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்குவது காலையிலேயே நின்றுவிட்டது. போன வாரம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிதம்பரத்தில் டாக்டர் சொல்லிவிட, திருப்பாதிரிப்புலியூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

கட்டிலின் மறுபக்கம் மாமியார் சவரியம்மாள் முழங்காலில் இருந்தாள். ஜெபமாலையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிப் பழகியவள். நேற்று வெண்மதிதான், "சத்தம் வேணாம்மா. சும்மா கிட்ட இரு" என்றாள். அதற்குப் பிறகு வெண்மதி பேசவில்லை. சவரியம்மாளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கதிர்வேல் சிதம்பரம் தாண்டி கிள்ளைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று ரிஜிஸ்டர் ஆபீசில் வெண்மதியைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து சவரியம்மாள் அவன் முகம் பார்த்துப் பேசியதில்லை. "அவர சாப்புடச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வாள். இப்போது சொல்ல ஆளில்லாமல், தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூச்சு மாறியது. ஒன்று போனால் அடுத்தது வர நேரமாயிற்று.

"மாப்ள."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"நா கேட்டுப் பாத்துட்டேன். ஆண்டவருக்குக் கேக்கல போல. நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க."

"தெனமும் கேட்டுக்கிட்டுதான் அத்த இருக்கேன்." பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தான். "இப்ப என்னன்னு கேக்கறது? இருக்கட்டும்னா? போவட்டும்னா?"

சவரியம்மாள் மகளின் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். உதடும் இப்போது அசையவில்லை.

ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

சவரியம்மாள்தான் வெண்மதியின் கண்களை மூடிவிட்டாள். மகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டு உள்ளே போனாள். கதிர்வேல் செல்போனை எடுத்து, அண்ணன் பெயர் வரைக்கும் போய், அப்படியே கீழே வைத்தான்.

அவள் இரண்டு டம்ளரோடு வந்தாள். காலையில் வெண்மதிக்கென்று காய்ச்சிய பால்.

"குடிங்க. சொல்லிட்டா ஆளுங்க வந்துருவாங்க."

தரையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலில் ஆடை கட்டியிருந்தது. அவன் டம்ளரில் இருந்ததை மட்டும் விரலால் எடுத்துவிட்டு நீட்டினாள்.