மேல்மாடிக் குழாய்

கொழும்பு வெள்ளவத்தையில் ரஜனியின் வீட்டுக் கிணற்றுப் பம்ப், யாரும் குழாயைத் திறக்காமலே தானாக ஓடத் தொடங்கி மூன்று மாதமாகிறது. பத்து நிமிடம் சும்மா இருக்கும். பிறகு ஒரு உறுமல், கொஞ்ச நேர ஓட்டம், மறுபடியும் அமைதி. இரண்டு தடவை மோட்டர் கருகி, கொயில் மாற்றியாயிற்று. வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வெடுத்தவள் ரஜனி. காரணமில்லாமல் ஒன்றும் நடக்காது என்பதில் அவளுக்கு அசையாத நம்பிக்கை. காரணத்தையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள்: மேல்மாடி.

மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் நிலாமும் பைறோஸாவும். அவர்களுக்குக் குழந்தை பிறந்ததும் பம்புக்குப் பைத்தியம் பிடித்ததும் ஒரே மாதம். அவ்வளவு போதாதா? நாள் முழுக்கத் துணி தோய்க்கிறார்கள், குழாயைச் சரியாகப் பூட்டுவதில்லை. மூன்று முறை மேலே ஏறிப்போய் ஒவ்வொரு குழாயின் கீழும் கையை ஏந்திப் பார்த்தாள். கக்கூஸ் தண்ணீர்த் தொட்டியில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சொட்டும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

“நாங்க பூட்டித்தான் வெக்கிற ஆன்ட்டி” என்று பைறோஸா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போன கிழமை, மாசக் கடைசியோடு வீட்டை விடச் சொல்லிவிட்டாள். நிலாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் வாயடைத்து நிற்பார்கள் என்று ரஜனி நினைத்தாள். நல்ல பிள்ளைகளும் அப்படி நிற்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வழக்கமாகப் பம்ப் திருத்த வரும் பாஸ் கைவிரித்த பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து சந்திரகுமார் என்று வேறொரு பாஸ் வந்தார். மலையகத்துக்காரர், பேச்சுக் குறைவு. ரஜனி வழக்கை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்ததும், “மேல் வீட்டுக்காரங்களையும் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா” என்றார். கையும் களவுமாகப் பிடிக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தோடு ரஜனி கூப்பிட்டாள். நிலாம் கிணற்றடிக்கு வந்தான். குழந்தையைத் தோளில் போட்டபடி பைறோஸா படியில் நின்றாள்.

பாஸ் பம்பைப் போட்டு, அது நிரப்பும் பிரஷர் டாங்கின் அழுத்தம் காட்டும் முள் நாற்பதுக்கு ஏறியதும் நிறுத்தினார். பிறகு வீட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வை இறுக்கிப் பூட்டினார்.

“இப்ப மேலயும் தண்ணி போகாது, கீழயும் போகாது. வீட்டுப் பக்கம் ஒழுகுறதுன்னா முள்ளு இப்ப அசையக் கூடாது. பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். முப்பத்தைந்து. முப்பது. முள் ஆற அமர இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப தண்ணி எங்க போகுது?” என்று கேட்டாள் ரஜனி.

“வந்த வழியே கெணத்துக்குத் திரும்புதும்மா. பிரஷர் எறங்கினதும் பம்ப் தானா ஓடுது. பைப் அடியில தண்ணி திரும்பாம தடுக்கிற ஃபுட் வால்வ் மூடல. மேல் வீட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“பழசாப் போயிருக்கும்” என்றாள் ரஜனி உடனே. பழசின் மேல் பழியைப் போட்டால் ஒருவருக்கும் நோகாதே.

கிணற்றை மூடியிருந்த வலையை விலக்கி, நிலாமும் ஒரு கை பிடிக்க, பைப்பை மேலே இழுத்தார்கள். வால்வ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வாய்க்குள் நைலோன் நூல் பந்தாகச் சிக்கி, மூடியை மூடவிடாமல் பிடித்திருந்தது. பாஸ் இழுக்க இழுக்க வந்தது. பூமாலை கட்டிய நூல். நடுவே கொஞ்சம் சரிகை.

ரஜனிக்கு அந்த நூலைத் தெரியும். சாமிக்குப் போட்ட மாலையைக் குப்பை லொறிக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வருவதில்லை. முன்பெல்லாம் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கடலில் போட்டுவிட்டு வருவாள். அவ்வளவு தூரம் நடக்க முழங்கால் மறுத்த நாளிலிருந்து, வலையின் மூலையைத் தூக்கிக் கிணற்றில் போட்டு வந்தாள். பூ அழுகிப்போகும் என்று நினைத்தவள் நூலை நினைக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததும் பாஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. “காத்துல ஏதோ குப்பை வந்து விழுந்திருக்கு” என்று நூலைச் சுருட்டினார். அந்தச் சந்தில் ரஜனி தப்பியிருக்கலாம். ஆசையாகவும் இருந்தது.

“குப்பை இல்லைத் தம்பி, நான் போட்ட மாலை” என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. “நிலாம், பிழை என்னில. நான் சொன்னதை மறந்திடுங்கோ. நீங்கள் ஒருத்தரும் போக வேண்டாம்.”

“பரவாயில்ல ஆன்ட்டி” என்று நிலாம் சிரித்தான். பாஸ் வால்வைக் கழுவிப் பைப்பில் பொருத்தி இறக்கினார். பம்ப் ஓடி நின்றது. முள் நாற்பதில் அசையாமல் நின்றது. ரஜனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நாங்க போறதுதான் ஆன்ட்டி” என்றாள் பைறோஸா, படியில் நின்றபடியே. குரலில் கோபமே இல்லை. “தெஹிவளைல வீடு பாத்துட்டோம்.”

“அதுதான் பம்ப் சரிவந்திட்டுதே, பிள்ளை. இனி ஏன்?”

“தண்ணிக்காக இல்ல. மூணு தரம் மேலுக்கு வந்தீங்க. எல்லாத் தண்ணி டெப்பையும் தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க. பக்கத்துலதான் புள்ள படுத்திருந்திச்சு. ஒரு தரமாவது எட்டிப் பாக்கல்ல தானே.”

ரஜனி இரண்டு படி ஏறிக் குழந்தையிடம் கையை நீட்டினாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவளுக்கு, அதன் பெயர் தெரியவில்லை.