மேல் வயரும் கீழ் வயரும்

என் அக்காவின் படகு மோட்டாருக்கு வயது ஐம்பத்தாறு. அதனைத் தொட்டுப் பழுது பார்க்கும் உரிமை அக்காவைத் தவிர வேறெவர்க்கும் இல்லை என்பது அவ்வீட்டின் சட்டம். அச்சட்டத்தை மீறியவர் இருவர். ஒருவர் அக்காவின் கணவராகிய என் அத்தான். மற்றவர் யார் என்பதை உரிய இடத்தில் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குமுன் படகுச் சங்கச் செயலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. சென்ற ஆண்டு ஏரியில் நடந்த பழைய மோட்டார்களின் ஓட்டத்தில் அக்காவின் மோட்டார் கிளம்பவில்லை. செயலாளர் தம் படகில் வந்து, கயிறு கட்டி, அவளைக் கரைக்கு இழுத்துச் சென்றார். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இழுத்துச் செல்லும் வழியெல்லாம் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சென்றார். இது எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

கரையேறியதும், "இத நம்ம சங்க வரவேற்பறையில ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிடலாம்மா. பார்க்க நல்லா இருக்கும்" என்றார்.

அக்காவுக்குச் சினம் தலைக்கேறிவிட்டது. "அடுத்த வருஷமும் கிளம்பலேன்னா நீங்களே எடுத்துக்குங்க!" என்று நூறு பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்துவிட்டாள். செயலாளர் மறுநாளே தச்சரை அனுப்பி அளவெடுத்தார். பெட்டியும் வந்துவிட்டது. பல மாதங்களாக அது வரவேற்பறையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அக்கா அவ்வழியே செல்வதையே விட்டுவிட்டாள்.

இவ்வாண்டு ஓட்டத்துக்கு முந்தின நாள், கார்க்கொட்டகையில் மோட்டாரை மரச்சட்டத்தில் பூட்டி, அதன் காலைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி வைத்திருந்தாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு மோட்டாரின் உடம்பில் சாய்த்துவைத்து, கயிற்றை இழுத்தாள். பிளக்கின் நுனியில் பொறி பறக்க வேண்டும். பறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். அதன் நுனி எங்களைக் கல்போலப் பார்த்தது.

"பாயிண்ட்டுதான்" என்றாள்.

மேலிருந்த கனத்த சக்கரத்தைக் கழற்றினாள். அதன் அடியில் இரண்டு சிறிய உலோக உதடுகள் இருந்தன. அவை ஒட்டிப் பிரியும்போதுதான் பொறி பிறக்கும். ஓராண்டாகச் சும்மா கிடந்ததில் அவை கறுத்துப்போயிருந்தன.

"நின்னு வேடிக்கை பாக்கறியே, உன் சட்டைப்பையில விசிட்டிங் கார்டு இருக்கா? குடுடா."

கொடுத்தேன். உப்புத்தாளால் உதடுகளைத் தேய்த்து, என் பெயர் அச்சிட்ட அட்டையை அவற்றினிடையே இழுத்துத் துடைத்தாள். ஒரு மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளியைச் சரிசெய்தாள். சக்கரத்தைப் பூட்டிக் கயிற்றை இழுத்தாள்.

நீலப் பொறி! அக்கா ஆடினாள். நான் ஆடினேன். அத்தானும் ஆடினார், அவர் ஆடியதற்குக் காரணம் வேறு. வயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"ஐயோ, என்னங்க!"

"நல்ல பொறி" என்றார் அத்தான், விரல்களை உதறிக்கொண்டே. "அருமையான பொறி."

பிளக்குகளைத் திருகி, வயர்களை மாட்டி, கயிற்றை இழுத்தாள். படாரென்று வெடித்தது, கயிறு அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. மறுபடியும் படார். பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, கொழந்தை இப்பதான் தூங்கினா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பெட்ரோல் கூடிப்போச்சு. ஆறினா சரியாயிடும்" என்று அக்கா முடிவு கூறினாள். "நாளைக்குத் தண்ணியில பாத்துக்கலாம். ரெண்டு பேரும் கை வைக்காதீங்க. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மதிய உறக்கத்துக்குச் சென்றாள். நான் மோட்டாரின் கையேட்டை எடுத்துப் படித்தேன். இம்மோட்டாருக்கு மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள். அவை முறைவைத்து வெடிக்க வேண்டும். வயர்கள் இடம் மாறினால் பொறி இருக்கும், வேளை தவறும், மோட்டார் உதைக்கும். இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில், எழுவாய் எது பயனிலை எது என்று தெரியாதபடி எழுதிவைத்திருந்தார்கள். எனினும் பொருள் விளங்கிவிட்டது. வயர்கள் இரண்டும் ஒரே கறுப்பு. எது மேல், எது கீழ் என்று காட்டிய வண்ணப் புள்ளிகளை, மோட்டார் பளபளக்க வேண்டுமென்று அத்தான் சென்ற வாரம் தேய்த்து அழித்திருந்தார். மோட்டார் உதைத்தது, ஆகவே வயர்கள் மாறியிருக்கின்றன. ஓசைப்படாமல் கொட்டகைக்குச் சென்று, அவற்றை இடம் மாற்றிச் செருகினேன். அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு என்மேல் பெருமதிப்பு.

மறுநாள் காலை, ஏரி. ஊதல் ஒலித்த மூன்று நிமிடங்களுக்குள் மோட்டார் கிளம்ப வேண்டும் என்பது விதி. அக்காவும் அத்தானும் படகில். நான் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுத்துறைப் பலகையில். சற்றுத் தள்ளிச் செயலாளர், கைக்கடிகாரத்தோடு. அவர் பின்னால் இருவர் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்து நின்றனர். மோட்டாரைச் சுற்றி எடுத்துச் செல்லவாம்! ஊதலை ஊதுமுன்பே கம்பளி!

ஊதினார். அக்கா இழுத்தாள். படார்!

"பிளக் நனைஞ்சிருக்கு." கழற்றினாள், துடைத்தாள், பூட்டினாள். படார்!

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றார் செயலாளர்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, வயர் மாறியிருக்குமோ?"

"வயர் சரியா இருக்கு" என்றார் அத்தான்.

"வயர் சரிதான்க்கா" என்றேன் நான், அதே நொடியில்.

அக்காவின் கை நின்றது. அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அது எப்படி ரெண்டு பேருக்கும் இவ்வளவு உறுதியாத் தெரியும்?"

படகின் அடியில் தண்ணீர் தளும்பியது.

"நேத்து நீ தூங்கப் போனதும் நான்தான் மாத்தி வச்சேன்" என்றார் அத்தான், தம் செருப்பைப் பார்த்து. "கண்ணாடிப் பெட்டிக்கு இது போயிடக் கூடாதேன்னு..."

"நீ?"

"அதுக்கப்புறம் நானும் மாத்தினேன்க்கா."

"இரண்டு நிமிஷம்!"

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது, கண்ணில் நீர் வழிந்தது, "திருட்டுப் பசங்களா! திருட்டுப் பசங்களா!" என்று சொல்லிக்கொண்டே இரு வயர்களையும் பிடுங்கினாள்.

"சிரிக்காதேக்கா, நேரம் போகுது!"

"நீ வாய மூடுடா!" மேலதைக் கீழே செருகினாள், கீழதை மேலே. "நீங்க உக்காருங்க, இல்லேன்னா ஏரியில தள்ளிடுவேன்!"

இழுத்தாள்.

மோட்டார் இருமவில்லை, உதைக்கவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுக் குரலையெல்லாம் திரட்டி, ஒரேயடியாக முழங்கிக் கிளம்பியது. படகு பாய்ந்தது. கயிற்றை விட வேண்டும் என்பது எனக்கு ஏரிக்குள் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மார்பளவு நீரில் எழுந்து நின்றேன். "இது செல்லாது! கரையிலேர்ந்து ஒரு ஆள் உதவியிருக்கார்!" என்று செயலாளர் கூவினார்.

"எது உதவி?" என்றேன் நீரிலிருந்தபடியே. "கயிற்றைப் பிடிச்சு நிறுத்தினேன் ஐயா! நான் செஞ்சது இடைஞ்சல்! உங்க விதியில இடைஞ்சலுக்குத் தடை இருந்தாக் காட்டுங்க, பாப்போம்!"

விதிப்புத்தகத்தைப் புரட்டினார். காட்ட இயலவில்லை. கம்பளிக்காரர் இருவரும் கம்பளியை மடித்து என் தோளில் போர்த்தினர். அவர்களைப் பற்றி எனக்கு எக்குறையும் இல்லை.

அதற்குள் அக்கா மிதவையைச் சுற்றித் திரும்பி, எல்லைக்கொடியைத் தாண்டி, நில்லாமல் மறுபடியும் மிதவையை நோக்கிச் சென்றாள். மீண்டும் வந்தாள், மீண்டும் சென்றாள். அத்தான் படகின் இருபுறத்தையும் பற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஒலிபெருக்கியை எடுத்தார். "அம்மா! ஓட்டம் முடிஞ்சுது! மோட்டார் உங்களுக்குத்தான்! கரைக்கு வாங்க!"

"என்னது?" என்று கத்தினாள் அக்கா, காதில் கை வைத்து. "கேக்கலே!"

கத்திவிட்டு நான்காம் சுற்றுக்குத் திருப்பினாள்.