வெங்காயத்தாள் போடாத கிண்ணம்

விரல் செய்த தப்பு. கடை வாசலில் நிற்கும் சாப்பாட்டு டிக்கெட் எந்திரத்தில் நோட்டைச் செருகி, ராமென் நூடுல்ஸ் பொத்தானை இரண்டு தடவை அமுக்கிவிட்டேன். இருபத்தொரு வருஷமாகச் சனிக்கிழமை மத்தியானம் எனக்கொன்று, யசுகோவுக்கொன்று என்று அமுக்கிப் பழகிய விரல். பிப்ரவரியில் அவள் என்னை விட்டுப் போனபிறகு இன்றுதான் இந்தப் பக்கம் வருகிறேன்.

மோஜி துறைமுகத்தில் என்னோடு மூட்டை இறக்குகிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். சிரித்தும் முடித்துவிட்டார்கள். இந்தக் கடையில்தான் தெரியாது. இங்கே அவள் இன்னும் என் மனைவி. அதற்காகவேதான் வந்தேனோ என்னவோ.

ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். யோசிப்பதற்குள் கடைக்காரி ஹத்ஸுயே இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள்.

"யப்பா, குரோகி அண்ணன்! செத்துட்டீங்கன்னு நெனச்சேன்!" என்றவள், அடுப்பில் நின்ற புருஷன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "நூடுல்ஸ் ஒண்ணு வெறைப்பா, ஒண்ணு கொழைய! கொழையறதுல வெங்காயத்தாள் வேணாம்!"

யசுகோவின் பக்குவத்தை மறக்கவில்லை அவள்.

"எங்க அண்ணியக் காணோம்?"

"வண்டிய நிறுத்திட்டு வரா."

வாய் தானாகச் சொன்னது. மழையில் நடந்து வந்தவன் நான்.

பதினோரு இருக்கை உள்ள கடை. எல்லாரும் தோளோடு தோள் இடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே எட்டுப் பேர் குடையோடு நின்றார்கள். கிண்ணங்கள் வந்தன. ஒன்று என் முன்னால், ஒன்று காலி இருக்கைக்கு முன்னால். நான் என்னுடையதைத் தின்றேன். பக்கத்துக் கிண்ணத்தில் ஆவி அடங்கி, நூடுல்ஸ் ஊத ஆரம்பித்தது.

கதவைத் திறந்து ஒருத்தன் தலையை நீட்டினான். "என்னக்கா, கிண்ணத்துக்கெல்லாம் இடம் போட்டிருக்கீங்க? நாங்க மனுசங்கதானே?"

கடையே சிரித்தது.

"பொறுடா, பசி எடுத்த நாயே," என்று ஹத்ஸுயே குடையை எடுத்தாள். "அண்ணிக்கு வண்டி விட இடம் கெடைக்கல போல. பாத்துட்டு வரேன்."

"வேணாம்மா, வந்துருவா," என்றேன். அவள் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரை நனைந்து திரும்பினாள். "தெருக்கோடி வரைக்கும் போனேன் அண்ணே. வண்டியும் இல்ல, ஆளும் இல்ல. போன் போடுங்க."

இதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அவ வரமாட்டா. பிப்ரவரிலயே போயிட்டா."

"போயிட்டாங்கன்னா..." குரலைத் தணித்தாள். "தவறிட்டாங்களா?"

"உயிரோடதான் இருக்கா. ஓய்தா ஊர்ல ஒரு விடுதில பாத்திரம் கழுவறா. என்கூட இருக்கறதுக்கு அது தேவலாமாம்."

எனக்கு மறுபக்கம் உட்கார்ந்து உறிஞ்சியவன் நிறுத்தினான். பிறகு மறுபடி உறிஞ்சினான். ஹத்ஸுயே கையைத் துடைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இத என்ன பண்ண? கொட்டட்டுமா?"

"இங்க தள்ளு. நான் தின்னுக்கறேன்."

தள்ளினாள். சாப்பாட்டு மேடையை ஒரு தடவை துடைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "ஒரு ஆள் வாங்க!"

தலையை நீட்டியவனே வந்து உட்கார்ந்தான். நனைந்த முழங்கை என்மேல் பட்டது. "மன்னிச்சுக்குங்க," என்றான், என்னைப் பார்க்காமல்.

கிண்ணத்தை இழுத்து ஒரு வாய் எடுத்தேன். இருபத்தொரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், அவள் தின்றதை ஒரு வாய்கூட ருசி பார்த்ததில்லை. இப்போது ஆறி, ஊதி, கூழாகிவிட்டிருந்தது. சூடாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அப்படியும் அடி வரை தின்றேன். வெளியே இன்னும் ஏழு பேர் நின்றார்கள்.