விளக்குக்காரனுக்குப் பின்னால் வந்த நிழல்

அண்ணனுக்கு மூன்றே வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். முதல் வாய்ப்பு மண்ணைக் கவ்விய நேரத்தில்தான் அவள் உள்ளே நுழைந்தாள், பேருந்து ஓட்டும் சீருடையைக்கூட மாற்றாமல். மூன்று மணிக்கு அவள் மறுபடி வண்டி எடுக்க வேண்டும்.

நூலகத்தின் மாடி அறை அது. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு மேசை, அதன்மேல் முதுகு பெருத்த பழைய டிவி. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முகத்திலும் பரீட்சை முடிவு பார்க்க வந்த படபடப்பு. எல்லோரும் சின்ன வயதில் ‘விளக்குக்காரன்’ என்ற வீடியோ கேம் விளையாடியவர்கள்.

சுரங்கத்தில் விளக்கோடு அலைகிற ஒருவனை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஒரே ஆள்தான் விளையாடலாம். கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. யார் தலைகீழாக நின்றாலும் திறக்காது. ஒரே ஒரு தடவை திறந்தது, அண்ணனுக்குப் பத்து வயதாக இருந்தபோது. அப்பாவின் வீடியோ ரெக்கார்டர் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்ததால் நாற்பது விநாடி டேப்பில் பதிந்துவிட்டது. கதவு திறந்ததும் விளக்குக்காரனுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் வரும். அவன் செய்வதையெல்லாம் ஒரு நொடி தள்ளி அதுவும் செய்யும்.

அந்த நிழல் யார்? இதை வைத்து அண்ணன் அறுபத்திரண்டு வீடியோ போட்டிருந்தான். விளக்குக்காரனின் செத்துப்போன அண்ணனுடைய ஆவி என்பது அவன் கட்சி. விளையாட்டை உருவாக்கியவரே தன்னை உள்ளே ஒளித்துவைத்தார் என்பது எதிர்க்கட்சி. அடித்துக்கொண்டாலும் சந்தோஷமாகவே இருந்தார்கள், ஒரு தாடிக்காரர் வந்து “டேப்பே டுபாக்கூர்” என்று கொளுத்திப்போடும்வரை. இன்றைக்கு அதே பழைய கேம் கேசட்டில், ரசிகர் சங்கத்தின் கண்முன்னால், அந்தக் கதவைத் திறந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் ஊரை ஏமாற்றியவன் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். இரண்டு வாரமாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. “நீயாவது போய்ப் பக்கத்துல உக்காரு” என்று அண்ணி போனில் அழுததால்தான் அவள் வந்தாள்.

அவள் வந்ததும் வராததுமாக அவன் மைக்கில் சொன்னான், “இதோ என் தங்கச்சி. அப்ப இவளுக்கு அஞ்சு வயசு. நானும் விளையாடுவேன்னு ஒரே ரகளை. இன்னொரு கன்ட்ரோலரைச் சொருகிக் கையில குடுத்துட்டேன். ஒரு ஆள் ஆடுற கேம்ல ரெண்டாவது எதுக்கு? பாவம், மூணு மாசம் தான்தான் ஆடறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தா!”

அறை சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையே அவள் கல்யாணத்திலும் சொன்னான், மாமியார் முன்னால். இதற்காகவே அவன் வீடியோ ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை, அந்த டேப்பையும் சேர்த்து.

இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. கதவு கல்லாக நின்றது. அண்ணனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கார அம்மாள், “டேப்பை ஒருதடவை போடுங்க, எங்க நின்னீங்கன்னு பாப்போம்” என்றார்.

புரொஜெக்டர் வழியாகச் சுவரில் படம் ஓடியது. விளக்குக்காரன் இரண்டடி வைத்தான், நிழல் இரண்டடி வைத்தது. பிறகு விளக்குக்காரன் அப்படியே நின்றுவிட்டான். நிழல் மட்டும் தனியாகக் குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

“ஆவி தம்பியைக் கூப்பிடுது” என்று பின்வரிசையில் யாரோ விளக்கினார்கள்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அவள் ஆசை ஆசையாகக் குதிக்கிற பட்டனை மூன்று தடவை அமுக்கினாள். விளக்குக்காரன் அசையவில்லை. வீடே அதிர அழுதாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு அவள் கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு அவள் விளக்குக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒன்று குதித்ததைப் பார்க்கவே இல்லை.

சொன்னால் அண்ணன் பொய்யன் இல்லை என்றாகும். அறுபத்திரண்டு வீடியோவும் குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் அவன் மானம் போகும். ஒரு கணம், போகட்டுமே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிறகு அவன் கன்ட்ரோலரைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தாள். எழுந்துபோய் அவன் காதருகே குனிந்தாள்.

“அது ஆவி இல்லண்ணா. நான்.”

“என்ன உளர்ற?”

“ரெண்டாவது கன்ட்ரோலரை எடு. மூணு குதி குதிச்சது நான்தான்.”

அவன் மைக்கைக் கையால் பொத்தினான். “குட்டி, இத்தனை பேர் முன்னாடி வேணாம். இதுவும் நடக்கலேன்னா காறித் துப்புவாங்க.”

“இல்லன்னாலும் துப்பத்தான் போறாங்க.”

தாடிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.  அண்ணன் தான் கொண்டுவந்த பெட்டியின் அடியிலிருந்து மஞ்சளேறிய கன்ட்ரோலரை எடுத்துத் துடைத்துச் சொருகினான். நடுவர் அம்மாள் எட்டிப் பார்த்து, “சரி, ஆடுங்க” என்றார்.

கடைசி வாய்ப்பு. சுரங்கம், ஏணி, கதவு. அண்ணன் அமுக்கினான், அவளும் அமுக்கினாள். கதவு அசையவில்லை. நேரம் முடிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. யாரோ செருமினார்கள். கிறுக்குத்தனம் பண்ணி அவனை இன்னும் கேவலப்படுத்திவிட்டோமோ?

அப்போதுதான் தான் திரையைப் பார்ப்பது உறைத்தது. பதினோரு வருடமாகச் சாலையை நேரே பார்த்து ஓட்டுகிற பழக்கம். ஐந்து வயதில் அவளுக்குத் திரை ஒன்றும் புரியாது. அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்து, அது அமுக்குவதையே அமுக்குவாள்.

“மறுபடி பண்ணு. நிறுத்தாம பண்ணு.”

அவன் விரலைப் பார்த்தாள். மேலே. மேலே. இடது. அவன் விரல் எழும்போது அவள் விரல் இறங்கியது.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ “ஐயோ” என்று கத்தினார்கள். அவள் நிமிர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. விளக்குக்காரனுக்குப் பின்னால் கறுப்பாக அது நின்றது.

“கைய எடுங்க சார்” என்றார் நடுவர் அம்மாள். அண்ணன் இரண்டு கையையும் தூக்கினான். அவள் வலது பட்டனை அமுக்கினாள். நிழல் வலது பக்கம் நடந்தது. 

“ரெண்டு பேர் ஆடுற மாதிரி ஆரம்பிச்சிருக்காங்க” என்றார் அம்மாள் மெதுவாக. “பாதியில விட்டுட்டாங்க. இது ரெண்டாவது ஆள்.”

தாடிக்காரர் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மைக்கை எடுத்தான்.   “ஆவி எல்லாம் இல்லீங்க. முதல் நாள்லேர்ந்து இவதான். நான்தான் இவளைப் பாக்கல.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

“போதும்மா, நிரூபிச்சாச்சு” என்றார் நடுவர். மணி இரண்டே முக்கால். அவள் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. நிழல் விளக்குக்காரனைத் தாண்டி, டேப்பில் இல்லாத இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினான். “குட்டி, அந்தப் பக்கம் என்னடி இருக்கு?”

“நீ சும்மா உக்காரு. பாத்துட்டுச் சொல்றேன்.”