கைக்கூடைக்குள் போன கேமரா

நாகஓகாவில் புறவழிச் சாலையோரம் இருக்கும் பழைய பொருள் கடை காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒன்பது ஐம்பதுக்கே சிகுசாவும் அவள் தங்கை வகானாவும் வாசலில் நின்றார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை வகானாவின் ஒன்பதாம் வகுப்பு கியோட்டோவுக்கும் நாராவுக்கும் மூன்று நாள் பள்ளிச் சுற்றுலா போகிறது.

சுற்றுலாவுக்குக் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. கேமரா கொண்டுபோகலாம். ஆனால் அதில் இணைய வசதி இருக்கக் கூடாது, தொலைந்தால் அழுகிற விலையிலும் இருக்கக் கூடாது. வகுப்பாசிரியர் பார்த்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால்தான் பையில் வைக்கலாம். வகானா தன் குழுவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பை வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாமாவின் கேமராவைக் கொண்டுபோனாள். ஆசிரியர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் வைஃபை குறி இருந்தது. "இது ஆகாது" என்று கையில் கொடுத்துவிட்டார். ஸ்டிக்கர் ஒட்டக் கடைசி நாள் திங்கள்கிழமை.

வைஃபை இல்லாத கேமரா வேண்டுமென்றால் பழசாகத்தான் இருக்க வேண்டும். பழசைத் தேடும் வேலை சிகுசாவின் தலையில் விழுந்தது.

சிகுசாவுக்கு இருபத்தைந்து வயது. நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தோள்பைக்குள் ஒரு சின்னத் துணிப்பை வைத்திருந்தாள். அதில் சார்ஜ் ஏற்றும் பென்சில் பாட்டரி நான்கு, மெமரி கார்டு இரண்டு, பஞ்சுக் குச்சிகள், ஒரு நோட்டு. கார்டுகள் இரண்டும் பரிசோதனைக் கூடத்தில் கழித்துக்கட்டிய கருவிகளிலிருந்து கேட்டு வாங்கியவை.

கதவு திறந்ததும் நேராகக் கடைசி மூலைக்குப் போனார்கள். 'ஜங்க்' என்று பலகை தொங்கியது. அதற்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளுக்கும் கடை பொறுப்பேற்காது. ஓடினால் வாங்கியவர் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் வாங்கியவர் பாடு. நீலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் கேமராக்கள் உருளைக்கிழங்கு மாதிரி குவிந்து கிடந்தன.

"அக்கா, இது பாரேன்! பிங்க்!"

"பாட்டரி எங்க?"

"இல்ல."

"சார்ஜர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப அது கேமரா இல்ல. வெறும் பிங்க் டப்பா."

"நீ கையில வச்சிருக்கிறது மட்டும் என்னவாம்? அப்பாவோட ஷேவிங் மெஷின் மாதிரி இருக்கு."

"இதுல பென்சில் பாட்டரி போடலாம். கியோட்டோவுல தீர்ந்தா எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"கியோட்டோவுக்கு ஷேவிங் மெஷின் எடுத்துட்டுப் போறேன்னு நெனப்பாங்க."

சிகுசா பாட்டரியைப் போட்டாள். லென்ஸ் பாதி வெளியே வந்து, கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. நோட்டில் எழுதினாள்: ஒன்று, லென்ஸ் போச்சு. இரண்டாவது ஓடியது, ஆனால் உலகம் முழுக்க ஊதாக் கோடு போட்டுக் காட்டியது. மூன்றாவதில் படம் நன்றாக விழுந்தது. பாட்டரி மூடிதான் நிற்கவில்லை.

"டேப் ஒட்டிக்கலாம்" என்றாள் சிகுசா.

"வேணாம். டேப் ஒட்டின கேமராவைக் காட்டினா அவ்வளவுதான்."

"படம் நல்லா வந்தா போதாதா?"

"உனக்குப் புரியாது."

நான்காவது ஒரு வெள்ளி நிறக் கேமரா. பிடிக்கும் பக்கம் தடித்து, சோப்பு டப்பா போல இருந்தது. நான்கு மெகாபிக்சல். பொத்தானை அழுத்தியதும் மணி அடித்தது போலச் சின்னச் சத்தம் போட்டு விழித்துக்கொண்டது. தேதி கேட்டது. அதன் கணக்கில் அன்று 2005 ஜனவரி ஒன்று. சிகுசா கூரை விளக்கை ஒரு படம் எடுத்தாள், வகானாவை ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தாள். வகானா எட்டிப் பார்த்தாள். முகம் வெள்ளையாக, பின்னால் கடை இருட்டாக இருந்தது.

"ஏய், இது நல்லா இருக்குக்கா! இப்ப எல்லாரும் இப்படித்தான் எடுக்கறாங்க. இதையே எடுத்துக்கலாம்."

சிகுசா நோட்டில் 'நான்கு, சரி' என்று எழுதினாள். கார்டையும் பாட்டரியையும் உருவிக்கொண்டு கேமராவைப் பெட்டியிலேயே வைத்தாள்.

"ஏன் வச்சே?"

"இன்னும் பதினொண்ணு இருக்கு. எல்லாத்தையும் பாக்காம எப்படி முடிவு பண்றது?"

"மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறியே!"

பதினொன்றையும் பார்த்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. ஒன்றும் தேறவில்லை. நோட்டில் பதினைந்து வரிகள். 'சரி' என்று இருந்தது ஒரே வரி. சிகுசா நான்காவதை எடுக்கப் பெட்டியின் அந்தப் பக்கம் கையை விட்டாள். அது அங்கே இல்லை.

நான்கடி தள்ளி, மீன்பிடிக்கப் போகிறவர்கள் போடும் பல பை வைத்த மேல்சட்டையோடு ஒருவர் ரிமோட்களைக் கிளறிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். காலடியில் கடையின் கைக்கூடை. அதில் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு கேமரா. மேலாக இருந்தது அந்த வெள்ளி நிறம்.

ஜங்க் மூலையில் எழுதி ஒட்டாத ஒரு விதி உண்டு. பெட்டியில் இருக்கும்வரை பொருள் எல்லாருக்கும் பொது. கைக்கூடைக்குள் விழுந்துவிட்டால் அது அவருடையது. அதைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"போகலாம்" என்றாள் சிகுசா. "பக்கத்து ஊர் சான்ஜோவுல இன்னொரு கடை இருக்கு."

வகானா நகரவில்லை. "அங்கயும் கிடைக்கலைன்னா?"

"கேமரா இல்லாம போ. வேற யாராவது எடுப்பாங்க. ஒரு பொறுப்பு போனா என்ன இப்ப?"

"பொறுப்பு போகாதுக்கா. நான்தான் போவேன்."

சிகுசா திரும்பிப் பார்த்தாள். வகானா பிங்க் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"குழு பிரிக்கும்போது நான் மட்டும் மிச்சம். டீச்சர் எல்லார் முன்னாடியும், 'வகானாவை யாரு சேர்த்துக்கறீங்க'ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் பேசல. ஒகாமே குழுவுல அஞ்சு பேர்தான். அவங்ககிட்ட போய், எங்கிட்ட கேமரா இருக்கு, நானே எடுக்கறேன்னு சொன்னேன். சரி, வான்னாங்க."

"அப்ப உங்கிட்ட கேமரா இருந்துச்சா?"

"இப்பவே இல்ல. அப்ப எங்க இருந்து வரும்?"

சிகுசாவும் அதே பள்ளியில் படித்தவள்தான். பதினோரு வருடங்களுக்கு முன் அவளும் கியோட்டோவுக்குப் போனாள். அவளும் படம் எடுக்கும் பொறுப்பில் இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தாள். ஒன்றில்கூட அவள் இல்லை. கூட வந்த புகைப்படக்காரரின் படங்களை எண் போட்டுப் பள்ளி நடைவழியில் ஒட்டினார்கள். முப்பத்தெட்டாம் எண் படத்தில், கடைசி வரிசையில், அவளுடைய பாதி முகம் இருந்தது. அந்த எண்ணைப் பணம் வைத்த உறையில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதில்லை. படம் எடுக்கிறவள் படத்தில் இருக்க மாட்டாள். கணக்கு சரிதானே என்று விட்டுவிட்டாள்.

தொலைபேசியில் பேச வேண்டியதைக்கூட முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறவள் சிகுசா. இப்போது எழுத நேரமில்லை. நான்கடி நடந்தாள்.

"மன்னிக்கணும்ங்க."

அந்த மனிதர் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னம்மா?"

"அந்த வெள்ளிக் கேமரா. அதை நான் பாத்துட்டுத் திரும்ப வச்சேன்."

"திரும்ப வச்சீங்கல்ல?"

"வச்சேன்."

"அப்ப சரி."

வகானா முந்திக்கொண்டாள்.

"மாமா, எங்கக்கா ஒரு லூசு. நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் வச்சுட்டா."

"நல்லா இருந்தா எதுக்கும்மா வைக்கணும்?"

"மிச்சம் எல்லாத்தையும் பாத்துட்டு எடுக்கலாம்னு" என்றாள் சிகுசா.

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இருபது வருஷமா இங்க வரேன். இந்த மூலையில எவனும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்ல."

"ஸ்கூல் டூருக்கு வேணும் மாமா. நாளைக்குள்ள காட்டணும்."

"என் பேரனும் போன வருஷம் டூர் போனான். கேமரா ஒண்ணும் கொண்டுபோகல. உருப்படியாத்தான் திரும்பி வந்தான்." அவர் கூடையைக் கையில் எடுத்தார். ஒரு நொடி நின்றார். "நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, எப்படிப் பாத்தீங்க? கார்டு போட்டா?"

"போட்டுத்தான்."

"எத்தனை ஜி.பி. கார்டு?"

"ரெண்டு."

"ரெண்டு ஜி.பி.யா? எங்க, காட்டுங்க."

சிகுசா துணிப்பையைத் திறந்து காட்டினாள். அவர் கார்டைத் தொடாமல், கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தக் காலத்துக் கடையில முப்பத்திரண்டு, அறுபத்தினாலுன்னுதான் குடுக்கறான். இந்தப் பழசுங்க அதைத் துப்பிடும். என் வீட்ல இருபத்தாறு கேமரா இருக்கு, போடற மாதிரி கார்டு ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுல இருந்து உருவி ஒண்ணுல போட்டுட்டு உக்காந்திருக்கேன். வீட்டுக்காரி, இருபத்தாறு பிள்ளைக்கு ஒரே டவுசரான்னு கேக்கறா."

வகானா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"கார்டைக் குடுங்க. கேமரா உங்களுது."

சிகுசாவிடம் இருந்த இரண்டாவது கார்டு நூற்றிருபத்தெட்டு எம்.பி. அவர் கூடையிலிருந்து கேமராவை வாங்கி, அந்தச் சின்னக் கார்டைப் போட்டு இயக்கினாள். திரையின் மூலையில், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று வந்தது: அறுபத்திரண்டு.

"அறுபத்திரண்டா?" என்றாள் வகானா. "மூணு நாளைக்கா? நாராவுல மானுக்கே பத்தாதுக்கா!"

"அப்ப வேணாமா?"

"வேணும், வேணும்."

சிகுசா பெரிய கார்டை நீட்டினாள். அவர் அதை மேல்சட்டையின் உள்பைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டினார்.

"இதுல என்ன இருக்கு?"

"கிணத்துத் தண்ணியோட வெப்பநிலை. ரெண்டு வருஷத்துது."

"அழிச்சிடலாமா?"

"அழிச்சிடுங்க. எங்ககிட்ட பிரதி இருக்கு."

கேமராவின் விலை ஐந்நூற்றைம்பது யென். கல்லாவில் இருந்த பெண், "ஜங்க் பொருள், திரும்ப எடுத்துக்க மாட்டோம், சம்மதமா?" என்று மனப்பாடமாகக் கேட்டாள். "சம்மதம்" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

திங்கள்கிழமை ஆசிரியர் கேமராவை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். வைஃபை குறி எங்கும் இல்லை. "முதல்ல இது ஓடுமா?" என்று கேட்டார். வகானா அவரையே ஒரு படம் எடுத்துக் காட்டினாள். மஞ்சள் ஸ்டிக்கர் கிடைத்தது. அந்தப் படத்தை அன்று மாலையே அழித்தார்கள். எண்ணிக்கை மறுபடி அறுபத்திரண்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வகானா இலவங்கப்பட்டை மணக்கும் ஒரு பெட்டி பலகாரத்தோடு திரும்பினாள். "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். சிகுசா கார்டை எடுத்துத் தன் கணினியில் போட்டாள்.

ஐம்பத்தெட்டு படங்கள். முதல் இருபத்துமூன்றில் தேதி சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் 2005 ஜனவரி ஒன்று. வழியில் பாட்டரி மாற்றியவர்கள் தேதி போடவில்லை. அந்தத் தேதியில் வகானா பிறந்திருக்கவே இல்லை.

சிகுசா முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தாள். முதல் ஒன்பது படங்கள் நேராக, கவனமாக எடுத்தவை. ரயில் இருக்கையில் ஐந்து பேர். கோயில் வாசலில் ஐந்து பேர். மூங்கில் தோப்பில் ஐந்து பேர். அவள் அடுத்ததைத் திறக்குமுன் கொஞ்சம் நின்றாள்.

பத்தாவது படம் கோணலாக இருந்தது. அதில் வகானா இருந்தாள், வாய் நிறைய உருண்டை மாவுப் பலகாரம். பன்னிரண்டாவதிலும் இருந்தாள். மூலையில் யாருடைய கட்டைவிரலோ மங்கலாக விழுந்திருந்தது. பதினேழாவதிலும் விரல், அதில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. நாராவில் நகம் நீளமான இன்னொரு விரல். சிகுசா நோட்டை எடுத்துக் கோடு போட்டு எண்ணினாள். வகானா இருந்தது பத்தொன்பது படங்களில். விரல் விழுந்தது ஏழு. எப்படிப் பார்த்தாலும் குறைந்தது மூன்று பேருடைய விரல்.

நாற்பத்தோராவது படத்தில் ஒரு மான் வகானாவின் சுற்றுலாக் கையேட்டைப் பின்னாலிருந்து கவ்வி இழுத்தது. வகானா கத்தினது பல் வரை தெரிந்தது. படம் ஆடியிருந்தது, எடுத்தவர் சிரித்திருக்க வேண்டும்.

வகானா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அதை அழிச்சிடுக்கா!"

"மத்தவங்க பாத்தாங்களா?"

"பாத்தாங்களாவா? சுவர்ப் பத்திரிகையில நடுவுல இதைத்தான் ஒட்டுவேன்னு ஒகாமே குதிக்கறா. கேமராவுக்குப் பேர் வேற வச்சுட்டாங்க. சோப்பாம்."

"ஜங்க் கடையில வாங்கினதுன்னு சொன்னியா?"

"ரயில்லயே சொல்லிட்டேன். அந்த டவுசர் கதையை மூணு தடவை சொல்லச் சொன்னாங்க."

சிகுசா நாற்பத்தோராவது படத்தைப் பெரிதாக்கினாள். "இதை யாரு எடுத்தது?"

வகானா குனிந்து, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது.

"தெரியலையே. யாரோ. என் கைக்கு எங்க வந்துச்சு கேமரா?"

வகானா பலகாரப் பெட்டியைத் திறக்கப் போனாள். சிகுசா கேமராவிலிருந்து பாட்டரிகளை எடுத்து சார்ஜரில் போட்டாள். படத்தை அழிக்கவில்லை.