அப்பாவின் வேகம்

பழைய கேசட்டோடு என் கடைப்படி ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இரைச்சல் போகணும், குரல் அப்படியே இருக்கணும். ஏதோ தலையில் பேன் எடுக்கிற வேலை என்று நினைப்பு.

பல் டாக்டரும் அதையேதான் கேட்டார். அவர் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, வெளியூரில் வேலை பார்த்த அப்பா விபத்தில் இறந்துபோனார். அதற்கு ஒரு வாரம் முன்பு அவர் அனுப்பிய கேசட் இது. மூன்று நிமிடம். அப்பாவின் குரல் என்று மகளிடம் இருப்பது இவ்வளவுதான்.

"தேஞ்சுக்கிட்டே வருது சார். அடுத்த தடவை போட்டா அறுந்துடுமோன்னு பயமா இருக்கு."

"அம்மா கேப்பாங்களா?"

"நான் போட்டாலே எழுந்து வெளியே போயிடுவாங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். கல்லு மனசு." நாற்பது வருடக் கோபம் அது.

கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். ஒலியின் மேல், நடு, அடிப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், மேலே இருந்த சீறலைக் குறைத்து, பேச்சு இருக்கும் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கினேன். அடியில் ஒரு முனகல் மிச்சமிருந்தது. டாக்டரின் அப்பா பேசிய அறையில் எரிந்த விளக்கு வழியாக வந்த மின்சாரத்தின் முனகல். நம் நாட்டு மின்சாரத்தில் அது எப்போதும் நொடிக்கு ஐம்பது அதிர்வில்தான் இருக்கும். பழக்கதோஷத்தில் திரையைப் பார்க்காமலே ஐம்பதை வெட்டினேன். போகவில்லை. மென்பொருளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அப்புறம்தான் பார்த்தேன். முனகலின் கோடு ஐம்பத்து நான்கில் நின்றது.

மின்சாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த ரெக்கார்டரில் மனிதர் பேசியிருக்கிறார். நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அதை ஒழுங்கான கருவியில் போட்டால் வேகம் கூடி, குரல் கீச்சென்று ஏறிவிடும். இத்தனை வருடமாக டாக்டர் கேட்டது அவருடைய அப்பாவின் குரலே இல்லை.

இதைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு பழையதையே துடைத்துக் கொடுப்பதா? இரண்டு நாள் இழுத்தடித்தேன். பயம்தான், வேறென்ன. கடைசியில் வேகத்தைச் சரிசெய்து போட்டுக் காட்டினேன். கனத்த, சாவகாசமான ஒரு குரல் வந்தது.

டாக்டர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினார். "இது யாரோ. எங்கப்பா இல்ல. பழசையே குடுத்துடுங்க."

முனகல் கணக்கை விளக்கினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தக் குரல்கிட்டதான் நான் எல்லாத்தையும் சொல்லி அழுதிருக்கேன். கணக்குப் போட்டு அதைப் பிடுங்கிக்குவீங்களா?"

நியாயமான கேள்வி. "சரியா தப்பான்னு சொல்ல ஒருத்தங்கதானே இருக்காங்க. கூட்டிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் அம்மா வந்தார். கேசட் விஷயம் என்றதும் வேண்டாவெறுப்பாக வாசலிலேயே நின்றுவிட்டார். வேகம் சரிசெய்ததை ஸ்பீக்கரில் போட்டேன்.

"குட்டிம்மா, பல்லு முளைச்சிடுச்சாமே. அப்பா வர்றவரைக்கும் யாரையும் கடிக்காதே. முதல்ல என்னைத்தான் கடிக்கணும்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல உள்ளே வந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவர்தான்" என்றார். "அந்தக் கேசட்டைக் கேட்டா யாரோ இவரைக் கேலி பண்ற மாதிரி இருக்கும்மா. என்னால தாங்க முடியல. நீயோ அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஞாபகம் இருக்காது. உன்னை மார்ல சாச்சுக்கிட்டுதான் பேசுவார். பேசப் பேச உன் முதுகு அதிரும். அப்பதான் தூங்குவே."

டாக்டர் எழுந்தார். ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

ஈக்வலைசரில் அடிப்பகுதியைக் கொஞ்சம் கூட்டி, பெட்டி அதிரும்படி போட்டேன்.