சீட்டில்லாத சட்டை

தகரப் பேசின் ஒன்று கல்லில் மோதி உருண்டு ஓடும் சத்தம் கேட்டு, பதினாறு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

அலினாஃபே அப்போது வகுப்பின் முன்னால் நின்று, ஒரு வெள்ளைச் சட்டையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முதல் டெர்ம் பெண்களுக்கு அன்று பட்டன் பட்டி பாடம். மூன்றாவது மேஜைக்காரியைத் திட்டி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"உன் புருஷனுக்கா தைக்கிற? நான் உங்களுக்கு எதிர்ல நிக்கிறேன். என் இடப்பக்கம் உங்க கண்ணுக்கு வலப்பக்கமாத்தான் தெரியும். கண்ணால பாத்ததை அப்படியே வெச்சுத் தைச்சா ஆம்பளச் சட்டைதான் வரும்!"

சத்தம் பின் ஜன்னலுக்கு வெளியே. கடைசி மேஜைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பு அடங்காத முகத்தோடு திரும்பினாள். பிறகு சிரிப்பு மெல்லப் போனது.

"டீச்சர்... உங்கம்மா."

எனெலெசி சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தாள். இடைவேளையில் விற்கச் சுட்டுக் கொண்டுவந்த மந்தாசி மாவு உருண்டைகள் செம்மண்ணில் சிதறிக் கிடந்தன. தச்சுப் பிரிவு மாணவர்கள் இழைத்து முடித்திருந்த ஒரு புதுக் கதவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கைப்பிடி இன்னும் பொருத்தாத கதவு. அதில் கிடத்தித்தான் மிஷன் மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்தவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கீழ விழுறப்பவே போயிருப்பாங்க டீச்சர்."

அதே கதவில் வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

நடுப்பகலுக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஆண்கள் மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே பாயில் கால் நீட்டி அமர்ந்தார்கள். வந்தவர்களெல்லாம் ஒரு தட்டுச் சோளமாவோ ஒரு கட்டு விறகோ கொண்டுவந்து, பேசாமல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனெலெசியின் தம்பி பிலியாட்டி சைக்கிளில் வந்து இறங்கினார். தாய்மாமன் வந்து வாய் திறக்காமல் அந்த வீட்டில் ஒரு பானைகூட நகராது.

அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"மிஷன் மணி ஏன் இன்னும் அடிக்கல?"

காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, அலினாஃபே இதே மிஷன் தொழிற்பள்ளியில் தையல் படித்தபோது, எனெலெசி வீட்டுக்குப் பின்னால் சாராயம் காய்ச்சினாள். மகள் படிப்பை முடித்ததும் அடுப்பை இடித்துவிட்டாள். ஆனால் அதற்குள் சபைக்குத் தெரிந்துபோய், அவளுக்குத் திருவிருந்து கொடுப்பதை நிறுத்தி விலக்கிவைத்துவிட்டார்கள். திரும்பச் சேர வேண்டுமென்றால் சபை முன்னால் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் யார் வாங்கிக் குடித்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

"காய்ச்சினது நான். அதை ஆயிரம் தடவை சொல்றேன்," என்றாள் எனெலெசி போதகரிடம். "குடிச்சவங்க பேரையும் சொன்னா உங்க முன் பெஞ்சு காலியாயிடுமே ஐயா!"

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை.

அந்த ஊரில் சபையின் மாதர் சங்கத்துப் பெண் இறந்தால் சங்கத்துச் சட்டையோடுதான் மண்ணுக்குள் போவாள். வெள்ளைச் சட்டை, ஊதாக் காலர். மணி அடிக்கும், சங்கமே அதே சட்டையில் வந்து பாடும். விலக்கப்பட்டவளுக்கு இவை எதுவும் கிடையாது. அந்தச் சட்டையைத் தைப்பது அலினாஃபேயின் வகுப்பு மட்டும்தான். சங்கத் தலைவி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது.

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒருநாள், இடைவேளையில் எனெலெசி பேசினோடு வகுப்பு வாசலுக்கு வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன். போட்டுக்கிட்டு எங்கயும் போக மாட்டேன். பெட்டியில வெச்சுக்கிறேன்."

பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீட்டு கொண்டு வாங்கம்மா," என்றாள் அலினாஃபே. எல்லோரிடமும் சொல்வதுபோலவே சொன்னாள். "அப்புறம், இந்த வாசல்ல நிக்காதீங்க. இவங்க கவனம் சிதறுது."

எனெலெசி சிரித்தாள். மறுநாளிலிருந்து பின் ஜன்னலுக்கு வெளியே, துணிக்குப்பைக் குழிக்குப் பக்கத்தில் செங்கல்லை அடுக்கி உட்கார்ந்துகொண்டாள். இடைவேளை பத்து மணிக்குத்தான். ஆனால் அவள் தினமும் ஏழு மணிக்கே, வகுப்பு தொடங்கும்போதே வந்துவிடுவாள். இடம் பிடிக்கத்தான் வருகிறாள் என்று அலினாஃபே நினைத்திருந்தாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது சங்கத் தலைவி லொஜினா இரண்டு பெண்களோடு வந்தாள். மூவரும் சாதாரணத் துணிதான் கட்டியிருந்தார்கள். மாமரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சங்கத்துச் சட்டையைத் துவைக்கப் போட்டுட்டீங்களா தலைவியம்மா?" என்றார் பிலியாட்டி.

"சாவு வீட்டுல குத்திப் பேசாத. உங்க அக்காவும் நானும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்தவங்க. அந்த உறவுல வந்திருக்கேன்."

"பாட்டு?"

"விதியை நான் எழுதல பிலியாட்டி."

"எழுதல. ஆனா நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் சமாளித்தார். லொஜினா உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

உள்ளறையில் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

"உடுத்த நல்லதா ஏதாவது எடுத்துக் குடு அலினா!"

அவள் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தாள். மேலே இரண்டு துணிகள். அடியில் ஒரு காலி மாவுப் பை, நான்காக மடித்து, நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்தாள்.

வெள்ளைச் சட்டை. ஊதாக் காலர்.

ஒரே வெள்ளை இல்லை. ஒரு கை பழுப்பாக, மறு கை நீலம் பாரித்து, முதுகில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் எட்டோ ஒன்பதோ ஒட்டுப்போட்டு. ஒவ்வொன்றும் எந்த வருடம் வாங்கிய துணியென்று அலினாஃபேயால் சொல்ல முடிந்தது. வெட்டி மிஞ்சியதையெல்லாம் பெருக்கிப் பின் ஜன்னல் வழியாகக் குழியில் கொட்டச் சொன்னது அவள்தான். முழுக்கக் கைத்தையல். கடைசி பட்டன் துளை மட்டும் பாதியில் நின்றது. ஊசி அதிலேயே குத்தியிருந்தது.

லொஜினா எழுந்து வந்து சட்டையைக் கையில் வாங்கினாள். முகம் இறுகியது.

"சீட்டில்லாம தைச்சிருக்கியா டீச்சர்? மிஷன்ல தெரிஞ்சா உன் வேலை என்னாகும்?"

லொஜினா சட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது உன் கை இல்லையே. பட்டன் ஆம்பளப் பக்கத்துல இருக்கு... எந்தக் கத்துக்குட்டி..."

குத்தியிருந்த ஊசியை அவளும் பார்த்துவிட்டாள். லொஜினா கட்டைவிரலால் தையலை வருடிக்கொண்டே போனாள். காலரில் வந்து விரல் நின்றது.

"அன்னிக்கு அவ குடிச்சவங்க பேரைச் சொல்லியிருந்தா, முதல் பேரு என் வீட்டுக்காரர் பேரு," என்றாள், யாரையும் பார்க்காமல். "அவரு செத்தப்ப மணி அடிச்சுது. போதகர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினாரு. இவ ரோட்டோரமா நின்னு பாத்துட்டுப் போனா."

வாசலுக்குப் போய், கூட வந்தவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டாள்.

"எல்லாரையும் சட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லு. மணி அடிக்கிறவர்கிட்டயும் போ. நான் சொன்னேன்னு சொல்லு."

மாமரத்தடியில் பிலியாட்டி எழுந்து நின்றார்.

"போதகர்?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ உக்காரு."

திரும்பி வந்தவள் சட்டையை அலினாஃபேயின் மடியில் வைத்தாள்.

"நேரமிருக்கு பொண்ணே. பட்டனைப் பிரிச்சு, துளையையும் மாத்தி, சரியான பக்கத்துல வெச்சுத் தைச்சிடு. நாளைக்கு ஊரே பாக்கும். டீச்சரோட அம்மா சட்டை இப்படியான்னு கேப்பாங்க."

அலினாஃபே அம்மாவின் ஊசியை எடுத்தாள். பாதியில் நின்ற துளையை அதே நூலால் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டுப் பல்லால் அறுத்தாள். யாரோ கத்தரியை நீட்டினார்கள். வாங்கி, முதல் பட்டனுக்கு அடியில் முனையை நுழைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வெளியே எடுத்துவிட்டாள்.

தூரத்தில் மிஷன் மணி அடிக்கத் தொடங்கியது. உள்ளறைப் பெண்கள் சட்டைக்காகக் கை நீட்டினார்கள். அவள் கொடுத்தாள்.

"ஏன்டி, பட்டன்?" என்றாள் லொஜினா.

"இருக்கட்டும் லொஜினாம்மா. முதல் டெர்ம்ல எல்லாரும் பண்ற தப்புதான் இது. உள்ள உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் நான் மேஜை மேஜையாப் போய்த் திருத்திக் குடுத்தேன்."